ராயப்பன் வீட்டுச் சோறு

தெய்வசிகாமணியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் கடைசியில் அவர் வாயில்தான் வந்து நிற்பார்கள். பேசுகிற வாய் அல்ல, அதில் அவர் ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை. சாப்பிடுகிற வாய். நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் கேங்கில் வேலை. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற ரப்பர் பட்டைக்கு அடியில் உருளும் ரோலர்கள் தேய்ந்துபோனால், கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். எட்டுப் பேர் கொண்ட கூட்டம் அது. சிகாமணி தூக்கிய ரோலரை விட அள்ளித் தின்ற சோறுதான் எடை அதிகம் என்று மற்ற ஏழு பேரும் கேலி செய்வார்கள். அவரும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரிப்பார்.

முதல் ஷிப்ட் என்றால் காலை பத்து மணிக்குச் சாப்பாடு. ரெஸ்ட் ஷெட்டுக்குள் பழைய பேப்பரை விரித்து, எட்டு டப்பாவையும் திறந்து நடுவில் வைத்துவிட வேண்டியது. யாருடைய டப்பா யாருக்கு என்ற கணக்கெல்லாம் கிடையாது. கை எட்டுகிற இடத்தில் எது இருக்கிறதோ அது அவரவர் பாடு.

இப்படி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சும்மா வந்துவிடவில்லை. 1986-ல் தெய்வசிகாமணி வேலையில் சேர்ந்தபோது ராயப்பன் ஷெட்டுக்குப் பின்னால், பம்பு பக்கத்தில், தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுவார். இருவரும் ஒரே ஊர், ஒரே வயது. அந்த ஊர் இப்போது இல்லை, சுரங்கத்துக்குள் போய்விட்டது. சிகாமணியின் அப்பா நிலம் கொடுத்தார், அதனால் மகனுக்குப் பர்மனென்ட் வேலை. அதே நிலத்தில் தலைமுறையாக ஏர் ஓட்டிய ராயப்பனின் அப்பாவுக்குக் கொடுக்க ஒரு குழி நிலம்கூட இல்லை, அதனால் மகனுக்குக் காண்ட்ராக்ட். உழுதவனுக்கு ஒரு கும்பிடோடு சரி. என்ன நியாயமோ!

ஊரில் இருந்த காலத்தில் ராயப்பனின் அப்பா மத்தியானக் கூழுக்கு சிகாமணி வீட்டுப் புறக்கடைக்கு வருவார். குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு வைத்துக்கொள்வார். சிகாமணியின் தாயார் சொம்பை உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். சொம்பு கையில் பட்டுவிடக் கூடாதே! அப்பனோடு வந்த சின்னப் பையன் ராயப்பன் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பான். வீட்டுக்கு உள்ளே இருந்து சின்னப் பையன் சிகாமணியும் பார்ப்பான். இரண்டு பேரும் அதை மறக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு நாள் சிகாமணி டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். பத்து மணிக்குப் பசி கண்ணைக் கட்டியது. மற்றவர்களிடம் கேட்க வெட்கம். நேராகப் பம்பு பக்கம் போனார், ராயப்பன் எதிரில் குந்தினார், டப்பாவில் கையை விட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். கருவாட்டுக் குழம்பும் குருணைச் சோறும். ராயப்பன் வெலவெலத்துப் போனார்.

"சின்னவரே, அது எங்க வூட்டுச் சோறுங்க."

"சோறு மாதிரிதான இருக்குது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாயை எடுத்தார் சிகாமணி.

மறுநாள் ராயப்பன் இரண்டு டப்பா கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் சிகாமணி அவரைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் இழுத்து வந்தார். ஒருத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கேங்குக்கு மாற்றல் வாங்கிப் போனார். போகட்டும், விட்டது சனியன். மிச்சப் பேர் நாளடைவில் கையை நீட்டினார்கள். 'சின்னவரே' என்பது 'சிகாமணி' ஆகி, பிறகு 'டேய் சிகா' ஆனது. பன்னிரண்டு வருஷம் கழித்து ராயப்பனும் பர்மனென்ட் ஆனார். அந்தக் கதை பேச்சில் வரும்போதெல்லாம் ராயப்பன் மடக்குவார்: "நீ இன்னா புரட்சியா பண்ணிட்ட? பசிடா ஒனக்கு, வெறும் பசி!" அது உண்மைதான். உண்மையாக இருந்ததனால்தான் இருவருக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

அந்தத் தொண்டைக்குத்தான் 2012-ல் வந்து சேர்ந்தது வினை. முதலில் ஒரு மாத்திரை நின்றுகொண்டது. பிறகு இட்லி. என்னடா இது, இட்லி ஒரு சாப்பாடா, அது போய் நிற்கிறதே என்று சிரித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இன்னொரு பக்கம் கண் இமைகள் இரண்டும் சரிய ஆரம்பித்தன. எதிரே நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் பார்க்க முடிந்தது. 'ரொம்பத்தான் நிமிர்ந்து பாக்குறாரு இப்பல்லாம்' என்று கேங்கில் ஒருவர் சொன்னது அவர் காதில் விழத்தான் செய்தது.

அடுத்த வருஷம் ஒரு நாள் ஷெட்டில் நடந்தது இது. ராயப்பனின் மனைவி அடைக்கலமேரி மாட்டுக்கறி வறுவல் கொடுத்து அனுப்பியிருந்தார். அதற்கு முதல் கை எப்போதும் சிகாமணியின் கைதான். ஒரு துண்டை வாயில் போட்டு, சோற்றோடு விழுங்கப் பார்த்தார். இறங்கவில்லை. இருமல் வந்தது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் சோறு பீறிட்டு, நடுவில் திறந்து வைத்திருந்த எட்டு டப்பா மேலும் தெறித்தது. அவரவர் தம் டப்பாவைப் படக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ராயப்பன் மட்டும் தன் டப்பாவை இழுக்காமல் இவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்த சிகாமணிக்கு ராயப்பன் டப்பா மூடியில் ஒட்டியிருந்த தன் எச்சில் பருக்கை தெரிந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வட்டத்தில் உட்கார்ந்தார், ஆனால் தன் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை மட்டும் பிசைந்து பிசைந்து தின்றார். ராயப்பன் தள்ளி வைத்த கறியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தயிர்சாதமும் நின்றுகொண்டு இருமியதால், நான்காம் நாளிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு பம்பு பக்கம் போய்விட்டார். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருமலாம், துப்பலாம். சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொன்னால் மேலே தெரியும், மெடிக்கல் போர்டு கூப்பிடும், சுரங்கத்திலிருந்து ஏற்றி எங்காவது ஆபீஸ் வாசலில் லைட் டியூட்டி என்று உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். அதை விடப் பெரிதாக வெட்கம். தின்பதில் பெயர் வாங்கியவன் தின்ன முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

நேரமும் பார்த்து வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஊருக்கும் காலனிக்கும் ஆகாமல் போயிருந்த வருஷம் அது. பஸ்ஸில்கூட ஆள் பார்த்து உட்கார்ந்தார்கள். சுரங்கத்திலும் இரண்டு இரண்டு பேராகக் குசுகுசுவென்று பேச்சு. அந்த நேரத்தில் இவர் ராயப்பன் கறியை ஒதுக்கினார், தலையை நிமிர்த்திப் பார்த்தார், டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார். யார்தான் என்ன நினைப்பார்கள்? ராயப்பன் இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாவது வாரம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒதுங்கி நின்று, "போங்க சின்னவரே, நீங்க மொதல்ல எறங்குங்க" என்றார்.

இருபத்தாறு வருஷம் கழித்து அந்தச் சொல். சிகாமணிக்கு முதுகில் அடி விழுந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ராயப்பன் கூட்டத்தோடு போய்விட்டார்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவர் மனைவி பொற்கொடி. 2014 மார்ச்சில் நாலு நடை நடந்து, ஊசி குத்தி, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். தசை சோர்ந்துபோகிற வியாதி. கண்ணிமையையும் தொண்டையையும்தான் முதலில் பிடிக்கும். பரம்பரையாக வருவது. மருந்து கிடையாது, சமாளித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"உங்க அப்பாவுக்கு இந்த மாதிரி கண்ணு சரிஞ்சிருந்ததா?"

சிகாமணிக்கு அப்பாவின் முகம் வந்தது. கடைசி காலத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டே அரைக் கண்ணால் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஊரே பயப்படும். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ராயப்பன் கல்யாணத்துக்கு வந்த அப்பா, 'எனக்குத் தொண்டை சரியில்லப்பா' என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் கலர் மட்டும் வாங்கி, அதையும் பாதி குடித்து வைத்துவிட்டுப் போனார். காலனிக் கல்யாணத்தில் ஊர்க்காரர்கள் செய்கிற வேலைதான் அது. போனோம் என்றும் இருக்க வேண்டும், சாப்பிடவில்லை என்றும் இருக்க வேண்டும். வயிறு சரியில்லை, விரதம், டாக்டர் சாப்பிடக் கூடாது என்றார் என்று ஏதாவது சொல்லிவிட்டு, மூடி போட்ட பாட்டிலில் கம்பெனி அடைத்த கலரைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அப்பா சொன்னது அந்தப் பொய்யா, இந்த வியாதியா? இனி யாரைக் கேட்பது?

அன்றிலிருந்து, நெய்வேலி டவுன்ஷிப் பதினேழாவது வட்டத்தில் இருந்த அவர் குவார்ட்டர்ஸில் சாப்பாடு என்பது ஒரு டியூட்டி ஆகிவிட்டது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி மர நாற்காலியில் உட்கார வேண்டும். அரை ஸ்பூன். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து விழுங்க வேண்டும். விழுங்கியதையே மறுபடியும் ஒரு தரம் விழுங்க வேண்டும். லேசாகச் செருமி, இன்னொரு தரம். வாயில் இருக்கும்போது பேசவே கூடாது, சிரிக்கக் கூடாது, டிவி கூடாது. தண்ணீர் கூடாது, நீர்த்த எதுவும் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் தாகத்துக்குக்கூட அரிசி மாவுக் கஞ்சிதான். ஒரு கிண்ணம் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். முடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்க முடியாது.

பொற்கொடி எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்தார். சாம்பார் சோறும் கறிச் சோறும் ஒரே நிறத்தில், ஒரே கூழாக வந்தன. அவர் சாப்பிடும்போது எதிரில் பேசாமல் உட்கார்ந்து, அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அது மேலே ஏறி இறங்கினால்தான் அந்த அம்மாளுக்கு மூச்சு வரும். தன் சோற்றைச் சமையலறையில் நின்றுகொண்டே, தட்டுச் சத்தம் கேட்காமல் தின்பார். ஒரு தடவை தெரியாமல் கருவாடு பொரித்துவிட்டார். வாசனை கூடத்துக்கு வந்ததும் சிகாமணி எழுந்து வாசலுக்குப் போய், மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கருவாடு பொரியவில்லை. சிகாமணி இடுப்பு வாரில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே போனார்.

"ராயப்பண்ணங்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்" என்று பொற்கொடி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு" என்பார் இவர். நாளை நாளை என்று ஒரு வருஷம் ஓடியது.

2015 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயப்பனும் அடைக்கலமேரியும் வெற்றிலைத் தட்டோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். மகள் அபிக்குக் கல்யாணம். அந்தக் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ராயப்பனை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனவர் சிகாமணி. இப்போது ராயப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"காலையில கோயில்ல தாலி, மத்தியானம் மந்தாரக்குப்பம் மண்டபத்துல சாப்பாடு. வந்து தலைய காட்டிட்டுப் போங்க சின்னவரே."

இதுதான் நேரம் என்று சிகாமணிக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராயப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குத் தொண்டையில ஒரு..."

ராயப்பன் கையை உயர்த்தினார். சிரித்தார், ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை.

"தெரியுங்க. தொண்டை சரியில்ல. உங்கப்பாரு எங்கல்யாணத்துல இதேதான் சொன்னாரு. ஊர்க்காரங்களுக்குன்னு ரெண்டு கேஸு கலர் தனியா சொல்லி வெச்சிருக்கேன். ஒங்களுக்கு ஆரஞ்சுதான புடிக்கும்? ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்றேன்."

"அண்ணே, அவருக்கு நெஜமாவே..." என்று பொற்கொடி முன்னால் வந்தார்.

"வுடும்மா தங்கச்சி" என்றார் அடைக்கலமேரி, எழுந்துகொண்டே. "எத்தினி பேரைப் பாத்துட்டோம். வந்தீங்கன்னாலே எங்களுக்குச் சந்தோஷந்தான்."

அவர்கள் போனதும் பொற்கொடி வெடித்தார். "அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுறதுக்கு இன்னாங்க? வாயில இன்னா வெச்சிருந்தீங்க?"

"சீட்டு காட்டணுமா?" சிகாமணியின் குரல் மூக்கால் வந்தது, அதுவும் அந்த வியாதியின் வேலைதான். "இருபத்தாறு வருஷம் ஒரே டப்பாவுல தின்னுகினு இருந்தவனுக்கு டாக்டர் சீட்டு காட்டணுமா நானு? அன்னிக்கி அவன் எங்கிட்ட சீட்டு கேட்டானா? சோத்தால வந்த சிநேகம் பொற்கொடி. அவன் வூட்டு எலையில ஒக்காந்து, அவன் கண்ணு முன்னால பத்து வாய் தின்னுட்டேன்னா போதும். நான் ஒண்ணும் சொல்ல வேணாம்."

நியாயத்தைப் பாருங்கள்! ஊரில் அத்தனை பேரும் பொய்க்குச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட ஒரு வார்த்தை, உண்மையாகவே வேண்டியவனுக்கு உதவாமல் போய்விட்டது. இந்த மனுஷன் முரடு பிடித்தது தப்புதான். ஆனால் அவர் நிலையில் இருந்து பார்த்தால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. பொற்கொடி அழுதுகொண்டே உடன்பட்டார். வாரம் இரண்டு நாள் பிரியாணி, குழையக் குழைய வேக வைத்தது. கூடத்தில் வாழை இலை போட்டு உட்கார்ந்து, சிகாமணி ஒத்திகை பார்த்தார். சுண்டு விரல் நுனி அளவு எடுப்பார். நாக்கால் நசுக்குவார், குனிவார், விழுங்குவார், மறுபடி விழுங்குவார். முதல் வாரம் இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. மூன்றாவது வாரம் ஐந்து. கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை பத்தும் போயிற்று. ஐம்பது நிமிஷம் ஆனது. பரீட்சையில் தேறிய பையனாட்டம் அவர் நிமிர்ந்து பார்த்தார். பொற்கொடி அந்த இலையை மடித்து எறியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கலர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்கள். "வாப்பா சிகாமணி, இந்தா ஒனக்கு" என்று ஒருவர் ஆரஞ்சு பாட்டிலை நீட்டினார். சிகாமணி அதை வாங்கவில்லை. பரிசாகக் கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தைப் பெண்ணின் கையில் கொடுத்தார், அவள் தலையில் கையை வைத்தார், நேராகப் பந்திக்குப் போனார். கேங்கு ஆட்கள் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தார். பொற்கொடி பக்கத்தில். எதிர் வரிசை ஓரத்தில் பரிமாறுகிறவர்களை ஏவிக்கொண்டிருந்த ராயப்பன் இவரை இலை முன்னால் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

இலையில் பிரியாணி விழுந்தது. சிகாமணி குனிந்தார். ஒரு வாய். இறங்கியது. இரண்டு. மூன்று. சுற்றிலும் எல்லாரும் பேசினார்கள், சிரித்தார்கள், இவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நாலு. அந்த மண்டபத்துச் சோறு வீட்டில் வேக வைத்த மாதிரி குழைவு இல்லை, பருக்கை பருக்கையாக நின்றது. வியர்த்தது. ஐந்து. ஆறு. பொற்கொடி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பந்தி எழுந்து போய், பக்கத்து இலைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இவர் இலை மட்டும் இருந்தது. ஏழு.

ராயப்பன் பொறுக்க முடியாமல் வந்தார். கறி வாளியைப் பரிமாறுகிறவன் கையிலிருந்து பிடுங்கி, தானே ஒரு துண்டை எடுத்து, நார் பிரித்து, இலை ஓரத்தில் வைத்தார். கண் நிறைந்திருந்தது. இரண்டு வருஷமாக வராத சொல் வந்தது.

"டேய் சிகா, எப்படிடா இருக்கு எங்க வூட்டுச் சோறு?"

சிகாமணி அந்த நாரை வாயில் போட்டிருந்தார். ஐந்து வாரம் பழகிய அத்தனையும் அந்த ஒரு 'டேய்'யில் மறந்துபோனது. மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, சிநேகிதன் முகத்தைப் பார்த்து, "நல்லா" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். சத்தம்கூட வரவில்லை. முகம் கறுத்தது. கை இலையைப் பிடித்து இழுத்தது. பொற்கொடி போட்ட கூச்சலில் மண்டபமே ஓடிவந்தது. ராயப்பன் அவரைத் தரையில் கவிழ்த்து, முதுகில் குத்தி, வாயைப் பிளந்து, விரலைத் தொண்டை வரைக்கும் விட்டு அந்தக் கறி நாரை இழுத்து எடுத்தார். பல் பதிந்து விரலில் ரத்தம் வந்தது. மூச்சு வந்தது. ஆனால் கூடவே எவ்வளவோ நுரையீரலுக்குள் போய்விட்டிருந்தது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, பிழைப்பாரா மாட்டாரா என்று இருந்தது. மகளை மறுவீட்டுக்கு அனுப்பக்கூடப் போகாமல் ராயப்பன் வராந்தாவில் கிடந்தார். இரண்டாம் நாள்தான் பொற்கொடி அந்தப் புதுச்சேரிச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். இங்கிலீஷ் முழுக்கப் படிக்கத் தெரியாது ராயப்பனுக்கு. தேதி தெரிந்தது. மூன்றாம் மாதம், 2014.

"போன வருசமேவா?" என்றார்.

"அதுக்கும் முன்னாடிலேர்ந்துண்ணே. அன்னிக்கி ஷெட்டுல பொறை ஏறிச்சின்னாரே, அப்ப இருந்து."

"நான் கலர் எடுத்து வெச்சேனே தங்கச்சி" என்றார் ராயப்பன். "ஆரஞ்சு கலரு, அவன் பேரைச் சொல்லி, ஐஸ் பொட்டியில. நானு." கட்டுப் போட்ட விரலால் முகத்தை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்போ அவங்கப்பாரு? அவருக்கும் நெஜந்தானா?" பொற்கொடிக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது.

உயிர் தங்கியது. ஆனால் இனி வாய் வழியாக ஒரு பருக்கைகூடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். குழாயின் வாயில் ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சைச் செருகி, வடிகட்டிய கஞ்சியை ஊற்றினால் அது தானாக இறங்கும். வேலைக்கு இனிப் போக முடியாது. எந்த மெடிக்கல் போர்டுக்குப் பயந்தாரோ அதுவே வீட்டுக்குக் காகிதம் அனுப்பியது. சிகாமணி அதைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், காலை பத்து மணிக்கு ராயப்பன் வந்தார். அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்ட், இரண்டு மணிக்குப் போனால் போதும். கையில் பழைய டப்பா. அடைக்கலமேரி சோறும் பருப்பும் கறியும் சேர்த்து வேக வைத்து, அரைத்து, இரண்டு தரம் துணியில் வடிகட்டிக் கொடுத்திருந்தார். "நான் ஊத்துறேன் தங்கச்சி, சொல்லிக் குடு" என்றார்.

சிகாமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பொற்கொடி சிரிஞ்சைக் குழாயில் செருகி ராயப்பன் கையில் கொடுத்தார். "நல்லா ஒசரமா தூக்கிப் புடிங்கண்ணே. ஒசத்துனாதான் சீக்கிரம் எறங்கும்."

ராயப்பன் எழுந்து நின்று கையை உயர்த்தினார். கஞ்சி குழாயில் இறங்கத் தொடங்கியது. கீழே சிகாமணி, சரிந்த இமைகளுக்கு அடியிலிருந்து பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, அண்ணாந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராயப்பனுக்குக் கை நின்றுபோனது. சிகாமணிக்கும் அது தெரிந்துவிட்டது. புறக்கடை, குவித்த கை, உயரத்தில் சொம்பு.

"ஒசத்துங்கண்ணே" என்றார் பொற்கொடி.

"இல்ல தங்கச்சி. எங்கப்பனுக்கு ஒங்க மாமியாரு ஒசத்தித்தான் ஊத்துவாங்க." சொல்லிக்கொண்டே கையைத் தாழ்த்தினார். கட்டிலில் சிகாமணிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, சிரிஞ்சைத் தன் தோள் மட்டத்துக்கு மட்டும் பிடித்துக்கொண்டார். கஞ்சி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

"நேரமாவும்ண்ணே."

"ஆவட்டும். எனக்கு ரெண்டு மணிக்குத்தான் ஷிப்டு."

சிகாமணியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது. ராயப்பன் துண்டால் அதைத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் டப்பாவிலிருந்து சிரிஞ்சுக்குள் ஊற்றினார்.

"எப்படிடா இருக்கு?"

இப்போது பதில் சொல்ல பயம் இல்லை. வாயில்தான் ஒன்றும் இல்லையே.

"நல்லா இருக்குடா" என்றார் சிகாமணி. நாக்குக்கு ஒரு ருசியும் தெரியவில்லை, வயிற்றில் மட்டும் இளஞ்சூடு தெரிந்தது. அந்த ஒரு டப்பா முடிய பதினொன்றே கால் ஆனது.